சேர்க்க வேண்டாதவை என்று நான் எழுதிய உறை

நேற்று பல்கலைக்கழகத்தில் என் அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய தேர்வுத்தாள்களுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. அதைப் பிரித்ததும் அந்த வாசனை வந்துவிட்டது. ட்ரேசிங் தாளும் வரைபேனா மையும் பல வருஷம் ஒன்றாகப் பூட்டிக் கிடந்தால் வருமே, கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் புளிப்பு, அந்த வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உதவிக்கு வந்திருந்த அலுவலகப் பெண், "டாக்டர், ஓகேவா?" என்று கேட்டாள். தூசி என்று சொன்னேன்.

உறையின் மேல் என் கையெழுத்தில் 'சேர்க்க வேண்டாதவை' என்று இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் நீ வரைந்தவை.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்ததுண்டு. எழுதினால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். இன்று எங்கேயாவது ஆரம்பித்துவிடலாம்.

கிள்ளானில் ஒரே பள்ளியில் படித்தோம். நான் கணக்கு, நீ கோடு. தேர்வு முடிந்ததும் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனாய். உன் கைக்கு ஸ்கேல் தேவையில்லை என்று அங்கே பேச்சு. கல்யாணமாகி மாலினி பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாய். நான் பதினைந்து வருஷம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, முனைவர் பட்டத்துக்குப் படிக்கக் கிளம்பினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டருக்குக் கண் பார்வை சொல்லித்தருகிற படிப்பு என்று உன்னிடம் சொன்னேன். "உனக்கே கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. நீ அதுக்குச் சொல்லித்தரப் போறியா?" என்று சிரித்தாய்.

படிப்புக்காக நகரத்துக்கு வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து ரயிலில் நீ வருவாய். ஒரு பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் ஊரெல்லாம் படம் எடுத்து வைத்திருப்பேன். பூக்கடை, கொடியில் காயும் சட்டைகள், கிள்ளான் பாசாரில் அடுக்கிய மீன், ஆற்றுப் பாலம், கடைவரிசையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள். உன் வேலை அந்தப் படங்களின் மேல் ட்ரேசிங் தாளைப் போட்டு, கண்ணுக்குத் தெரியும் ஓரங்களையெல்லாம் வரைவது. ஒரு பொருளைச் சேர்ந்த கோடுகள் எத்தனை துண்டாக இருந்தாலும் அதற்கு ஒரே எண் போட வேண்டும். நாற்காலிக்கு ஒன்று, பூனைக்கு இரண்டு, இப்படி.

அடியிலிருந்து வெளிச்சம் வருகிற மேசையை உன் வீட்டுக்காரர்தான் செய்து கொடுத்தார். கடைப் பெயர்ப் பலகை ஒன்றின் பழைய பெட்டியில் கண்ணாடியைப் பதித்து, உள்ளே ட்யூப் லைட் மாட்டி, துறைமுகத்து நண்பர் ஒருவரின் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

முதல் படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சலவைக் கடையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள். கம்பிகள் சக்கரத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தன. நீயோ முழு வட்டத்தையும் ஒரே வீச்சில் போட்டாய். கம்பி மறைத்த இடங்களில் மட்டும் புள்ளிப் புள்ளியாக.

"அங்க சக்கரம் தெரியலையே, எப்படிப் போட்ட?" என்றேன்.

"தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா? அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டுதான் இருக்கு லா."

என் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு பதிலுக்குள் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் படம் என்றால் வெறும் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெளிச்சம் என்கிற எண்கள். அதில் எந்த ஓரமும் எந்த ஓரமும் ஒரே பொருளைச் சேர்ந்தவை என்று அதற்குத் தெரியாது. நமக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? பிறந்ததிலிருந்து உலகத்தைப் பார்த்துப் பார்த்து நாம் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம் என்பது ஒரு பதில். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே நிறமாக இருக்கும். ஓரம் ஒன்று ஒரு திசையில் போனால் கொஞ்ச தூரத்துக்காவது அதே திசையில்தான் போகும். உண்மையான படங்களில் இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அதுவும் நம்மைப்போலத் துண்டுகளைச் சேர்க்கலாம். நீ போட்ட எண்களை வைத்துத்தான் நான் எண்ணினேன். இந்தத் துண்டும் அந்தத் துண்டும் இவ்வளவு தூரத்தில், இவ்வளவு சாய்வில் இருந்தால், ஒரே பொருளாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

இதை உனக்கு விளக்கியபோது கேட்டுவிட்டு நீ சொன்னாய், "உலகம் கொஞ்சம் சோம்பேறி. சட்டுனு மாறாது. அதான உன் தீசிஸ்?" என் மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் மெதுவாகப் பேசுகிற ஒரு சீனர். சிரித்துவிட்டு அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தது. காலையில் வரைவாய். மதியம் கீழே இறங்கிப் போய் வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் ஸ்டேஷன் வரை உன்னோடு நடந்து வந்து வண்டி ஏற்றிவிடுவேன். கல்யாணம் ஆகாத என்னைப் பற்றி ஊரில் யார் என்ன கேட்டாலும், "அவ கம்ப்யூட்டருக்குக் கண்ணு குடுக்கறா, அதுக்கப்புறம் பார்க்கலாம்" என்று பதில் சொல்லி வைத்திருந்தாய். எனக்காக அவ்வளவு வாயாடியவர் வேறு யாருமில்லை.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் அறிகுறிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. கட்டம் போட்ட மேசைத்துணியின் மேல் இருந்த கரண்டியை நீ கையால் தடவித் தேடினாய். டம்ளருக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றினாய். சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாய். ஒருமுறை தையல் கடை வாசலில் தொங்கிய பூப்போட்ட துணிகளுக்கு நடுவே, பூப்போட்ட சட்டையோடு நின்ற என்னைத் தாண்டி நேராகப் போய்விட்டாய். நான் கூப்பிட்டதும் திரும்பி, "உன்ன துணின்னு நினைச்சிட்டேன்" என்றாய். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து சிரித்தோம்.

அப்புறம் கடைசிக் கட்டுப் படங்கள் வந்தன. கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரையும் அதே படங்களை வரையச் சொல்லியிருந்தேன். மூன்று பேர் வரைந்ததும் ஒத்துப்போக வேண்டும், அப்போதுதான் கணக்கு நிற்கும். அவர்கள் இருவரும் ஒத்துப்போனார்கள். நீ போகவில்லை.

பூக்கடைக்காரம்மாவின் படம். முகத்துக்கு முன்னால் மாலைகள் தொங்குகின்றன. உன் தாளில் அந்த அம்மாவின் நெற்றிக்கு ஒரு எண், ஒரு கண்ணுக்கு ஒரு எண், மூக்குக்கு வேறு, தாடைக்கு வேறு. நாற்காலிக்கடியில் படுத்திருந்த பூனையை நான்கு தனிப் பொருள்களாக எண்ணியிருந்தாய். தாள் முழுக்க எண்கள் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தன. புள்ளிக் கோடு ஒன்றுகூட இல்லை. மாலையோ கம்பியோ குறுக்கே வந்த இடத்தில் கோடு நின்றுவிட்டது.

எனக்கு உதவித்தொகை முடியப்போகிற நேரம். துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் தாள்களை உன் முன்னால் பரப்பினேன்.

"இது என்ன?"

நீ குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாய். "படம்தான். ஏன்?"

"ஒரு பூனைக்கு எத்தனை நம்பர் போடுவ? நான் சொன்னது மறந்து போச்சா?"

"நான் பார்த்ததத்தான் போட்டேன், சாந்தி."

"பார்த்தா இப்படியா வரும்? உனக்கு இதுல மனசு இல்லன்னா சொல்லிடு. நான் வேற ஆள் பார்த்துக்கறேன். ஒரு வருஷ வேலை இது. விளையாட்டு இல்ல."

நீ பேனாக்களை ஒவ்வொன்றாக மூடிப் பெட்டியில் வைத்தாய். கடைசிப் பேனாவின் மூடியை மேசையில் தேடினாய். அது உன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கோபத்தில் வேண்டுமென்றே தேடுகிறாய் என்று நினைத்தேன். அன்று உன்னோடு ஸ்டேஷனுக்கும் நான் வரவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாய்.

மேற்பார்வையாளரிடம் ஒருவரின் தாள்களை நீக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவர் இரண்டு மூன்று தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "ஒழுங்காக வரைந்துகொண்டிருந்தவர் திடீரென்று மாறியிருக்கிறார். நீக்கலாம். ஆனால் ஏன் என்று அவரைக் கேட்டாயா?" என்றார்.

கேட்டேன் என்று சொன்னேன். அது பொய். திட்டியதை நான் கேட்டதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். தாள்களை உறையில் போட்டு, மேலே எழுதி, அலமாரியில் வைத்தேன்.

மூன்று மாதம் நாம் பேசவில்லை. நீ கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். பிறகு ஒருநாள் மத்தியானம் துறை அலுவலகத்துக்குப் போன் வந்தது. உன் வீட்டுக்காரர்.

"சாந்தி, அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. இன்னிக்கு மாலினியைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போயிருக்கா. புள்ள கேட்டுக்குப் பின்னாடி நிக்குது, இவ நேருக்கு நேரா நிக்கறா, தெரியலையாம். கேட்டைப் பிடிச்சுக்கிட்டு 'மாலினி எங்க, மாலினி எங்க'ன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டிருக்கா. புள்ள 'அம்மா'ன்னு கூப்பிட்ட அப்புறம்தான்…" என்று இழுத்தார். "கேட்டோட கம்பிதான் தெரிஞ்சுச்சுங்கறா. நீ டாக்டருக்குப் படிக்கறவ. கண்ணு பத்தி உனக்குத் தெரியுமில்ல?"

அவர் சொல்லி முடிக்கும்போதே உன் தாள்களில் நடந்தது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

தலைக்குள், பின்பக்கத்தில், ஒரு கட்டி. கண் நன்றாக இருந்தது. கண் அனுப்பியதைச் சேர்த்துப் பார்க்கிற இடம்தான் கெட்டுப் போயிருந்தது. பரிசோதனையின்போது நானும் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் ஒரு அட்டையைக் காட்டினார். கத்தரிக்கோல், விசிறி, கெட்டில், மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த படம். நீ விரலால் ஒவ்வொரு கோட்டின் மேலும் பிசகாமல் போனாய். அந்தக் கை மாறவேயில்லை.

"இது என்னம்மா?" என்றார்.

"ஒரு வளைவு. பக்கத்துல ரெண்டு நேர்க்கோடு. அப்புறம் இன்னொரு வளைவு."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் குலுக்கினார். "சாவி" என்றாய் உடனே. நான் வெளியே வந்து, தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறுவை சிகிச்சை செய்தார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை என்றார்கள். கதிர் சிகிச்சை முடிந்து கிள்ளான் வீட்டுக்கு வந்துவிட்டாய். சனிக்கிழமை ரயில் திசை மாறியது. இப்போது நான் வந்தேன்.

முதல் தடவை வந்தபோது நீ வீட்டு முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். தலையில் துணி. நான் கேட்டுக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தேன். நீயும் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், ஆனால் உனக்கு நான் இல்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். உள்ளேயிருந்து மாலினி எட்டிப் பார்த்தாள், அவளைப் பார்த்துக் கையாட்டினேன்.

"சாந்தியா?" என்றாய்.

"எப்படித் தெரிஞ்சது?"

"கை ஆட்டினல்ல. அப்ப ஒண்ணா வந்துட்ட." நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாய். "நிறுத்தாத. அசைஞ்சுக்கிட்டே இரு. நின்னா பிஞ்சு பிஞ்சு போயிடற."

ஒன்றாக அசைவதை ஒரே பொருளாகப் பார்க்கிறோம். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் ஒரு வரியாக இதை எழுதியிருக்கிறேன். எத்தனையோ பேர் எழுதிய வரி. அன்று முதல் உன் வீட்டில் நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், தலையை ஆட்டிக்கொண்டு பேசினேன். மாலினி ஸ்கூலிலிருந்து வந்ததும் உன் முன்னால் குதிப்பாள். எட்டு வயதுப் பிள்ளை. குதித்துக்கொண்டே அன்றைய பாடத்தை ஒப்பிப்பாள், நீ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். அவள் மூச்சு வாங்கி நின்றால், "போதும், உட்காரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய்.

ஒரு சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தபோது சொன்னேன். அந்தத் தாள்களை நான் ஒதுக்கியதை, மேற்பார்வையாளரிடம் பொய் சொன்னதை, எல்லாவற்றையும். என் காலாட்டம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு நான் அப்போது தெரிந்திருக்க மாட்டேன். குரல் மட்டும்தான் வந்திருக்கும்.

"எனக்கு அப்பவே ஏதோ சரியில்லன்னு தோணுச்சு" என்றாய். "டாக்டர்கிட்ட போலாம்னுகூட இருந்தேன். நீ அன்னிக்குத் திட்டினல்ல? அப்புறம், சரி, நான்தான் கவனமில்லாம இருக்கேன், எல்லாம் என் மேலதான்னு விட்டுட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலில் நீ சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாய். அதனால்தான் இன்றுவரை ஆறவில்லை. பின்னால் ஒருநாள் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவர் நேர்மையான மனிதர். தெரியாது என்றார். மாறியிருக்கலாம், மாறாமலும் போயிருக்கலாம். அந்தத் 'தெரியாது'வோடுதான் நான் இருக்கிறேன்.

அன்று கிளம்பும்போது நீதான் கேட்டாய், "அந்தத் தாளெல்லாம் வச்சிருக்கியா, கிழிச்சுட்டியா?"

"வச்சிருக்கேன்."

"அப்ப அதையும் எண்ணிப் பாரு."

எண்ணினேன். உன் ஓரங்களில் ஒரு பிழையும் இல்லை. மாணவர்கள் இருவரையும்விட நீதான் படத்தோடு அச்சாகப் பொருந்தியிருந்தாய். போனது சேர்க்கிற சக்தி மட்டும்தான். அதற்கு முந்தைய தாள்களையும் சேர்த்து வாரவாரியாக அடுக்கியபோது வேறொன்று தெரிந்தது. முதலில் தூரத்துத் துண்டுகளைச் சேர்ப்பதை விட்டிருக்கிறாய். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பக்கத்துத் துண்டுகள். அதற்கடுத்த வாரம் இன்னும் பக்கம். ஒரே சீராக இறங்கிக்கொண்டு போயிருந்தது. உன் தலைக்குள் அது வளர்ந்ததை, தெரியாமலே, வாரம் தவறாமல் நான் பதிவு செய்து வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் அந்த அட்டவணையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இது யார் என்று கேட்டார். என் தோழி என்றேன்.

ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக அதை எழுத உன்னிடம் அனுமதி கேட்க வந்தேன். அப்போது நீ படுக்கையில் இருந்தாய். பேச்சு மெதுவாகிவிட்டது.

"என் பேரு போடாத" என்றாய். "நோயாளின்னும் போடாத. வரைந்தவர்னு போடு. அது போதும்."

அப்படியே போட்டேன். இந்தக் கடிதத்திலும் உன் பெயரை எழுதவில்லை, கவனித்தாயா?

அச்சாகி வருவதற்குள் நீ போய்விட்டாய். ஒரு காலை வேளை. வீட்டில் கூட்டம். எல்லோரும் வருவதும் போவதுமாக, அழுவதும் நாற்காலி நகர்த்துவதுமாக இருந்தோம். மாலினி உன் கால்மாட்டில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, யாரும் சொல்லாமல், குதிக்க ஆரம்பித்தாள். உன் வீட்டுக்காரர் போய் அவளைத் தூக்கிக்கொண்டார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கிள்ளான் ஸ்டேஷன் வரை நடந்தே போனேன்.

மாலினி இப்போது பூச்சோங்கில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்குப் போனால் "வாங்க ஆன்டி" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பாள். அந்த மதியத்தில் நான் உன்னிடம் பேசியதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரரிடம் நான் சொல்வதற்குள் அவரும் போய்விட்டார்.

எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. இந்த வருஷங்களில் எத்தனையோ பேர் எனக்காகப் படங்களின் மேல் கோடு வரைந்திருக்கிறார்கள், முதலில் தாளில், பிறகு திரையில். ஒவ்வொரு கட்டிலும் யாராவது ஒருவருடையது மற்றவர்களோடு ஒத்துப்போகாது. மாணவர்கள் அதை நீக்கிவிட்டு வரலாமா என்று கேட்பார்கள். போன் நம்பரைக் கொடு, நான் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பேன். இந்த ஆன்டிக்கு இது ஒரு பழக்கம் என்று அவர்களுக்குள் பேச்சு உண்டு. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தூக்கம் இல்லை, கண்ணாடி மாற்றினேன், சொன்னது சரியாகப் புரியவில்லை என்பார்கள். செலாயாங்கிலிருந்து ஒரு பையன் மட்டும், யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, அப்பா இறந்து பத்து நாள் ஆகிறது என்றான்.

அந்தப் பக்கம் போன் மணி அடிக்கும்போது, கேட்க வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் குரல் சரியாக வர அது தேவைப்படுகிறது. அந்தச் சனிக்கிழமை மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து உன்னிடம் நான் கேட்டிருக்க வேண்டியதும் அவ்வளவுதான். உடம்பு எப்படி இருக்கு?